டேலி ஆகாத எட்டுக் கலை

கும்பகோணம்
2-3-2025

அன்புள்ள சர்வேயருக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தெருமுனை டீக்கடை வரை கம்பு இல்லாமல் நடந்து போனாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். என் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, என் மனைவி பேச்சைக்கூட.

உன் பேரன் கேட்ட கேள்வியை என் தலையில் கட்டிவிட்டாய். "ஆப்பிள் விழுகிறதே, நிலா ஏன் விழவில்லை?" நீ "போய் ஹோம்ஒர்க் எழுது" என்று சமாளித்தாயாம். சரி, சொல்கிறேன். ஆனால் ஆப்பிளிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். நியூட்டனின் அந்த ஆப்பிளுக்குக் கிடைத்த பெயரில் பாதி உன் தொழிலுக்குச் சேரவேண்டியது என்பது என் கட்சி.

இந்தப் பொங்கல் சமயத்தில் மொட்டை மாடிக்குப் போனாயா? செவ்வாய் சிவப்பாக, புனர்பூசத்து இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றது. தினமும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அது மேற்கே, பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரிக் கடைசியில் நின்று, திரும்பி, மறுபடி கிழக்கே நடக்க ஆரம்பித்தது. பஞ்சாங்கத்தில் வக்கிரம், வக்கிர நிவர்த்தி என்று போடுகிறார்களே, அதுதான். உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி செவ்வாயை முந்தும்போது நமக்கு அப்படித் தெரிகிறது. வானியலாளர் கோப்பர்நிக்கஸ் 1543-இல் இதைச் சொல்லிவிட்டார். ஆனால் சொன்னதோடு கணக்கு முடியவில்லை. அவரும் பழைய கிரேக்க வானியலாளர் தாலமியைப்போல வட்டத்தின்மேல் வட்டம் வைத்துத்தான் ஒப்பேற்றினார். மற்ற கிரகங்கள் ஓரளவு ஒத்துப்போயின. செவ்வாய் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

இங்கேதான் உன் ஆள் வருகிறார், டைக்கோ பிராஹே. டென்மார்க்குப் பிரபு. வாலிபத்தில் வாள்சண்டையில் மூக்கின் ஒரு துண்டை இழந்து, உலோகத்தில் ஒட்டு வைத்துக்கொண்டவர். 1576-இல் டென்மார்க் அரசர் அவருக்கு ஹவென் என்ற தீவையே கொடுத்தார். அதில் யுரானிபோர்க் என்று மாளிகையும் வானாய்வுக்கூடமுமாகக் கட்டி, இருபது வருஷம் வானத்தை அளந்தார். தொலைநோக்கி அப்போது கிடையாது. வெறும் கண், பெரிய பெரிய பித்தளைக் கருவிகள், அவ்வளவுதான். ஒரு கருவியைச் சுவரிலேயே பதித்து வைத்திருந்தார். அதன் ஆரம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். கருவி பெரிதானால் பாகைக் கோடுகளுக்கு நடுவே இடம் கிடைக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவியின் பிழையையும் அளந்து கழித்தார், காற்று ஒளியை வளைப்பதையும் கழிக்கப் பார்த்தார். ஒன்றிரண்டு கலைக்குள் அவர் அளவு நிற்கும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. நீங்கள் மினிட் என்பீர்கள், ஜோசியர் கலை என்பார். முழு நிலாவின் அகலமே முப்பது கலைதான் என்றால் பார்த்துக்கொள்.

இந்த அளவுகளை டைக்கோ எழுதிவைத்த நோட்டுகளைத் தேடிக்கொண்டு 1600-ஆம் ஆண்டு பிராக் பக்கம் வந்து சேர்ந்தார் யோஹான்னஸ் கெப்ளர். கிராட்ஸ் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சின்ன வயசில் அம்மை போட்டுப் பார்வை கெட்டுப்போன மனுஷர், வானத்தை அளக்க லாயக்கில்லை. ஆனால் கணக்கில் அசுரன். டைக்கோ அப்போது பிராகில் பேரரசர் ருடால்ஃபிடம் இருந்தார். நோட்டுகளை மொத்தமாகத் தரமாட்டார், சாப்பாட்டு மேஜையில் போகிறபோக்கில் ஒரு எண், இரண்டு எண் என்று அவிழ்த்துவிடுவாராம். கடைசியில் செவ்வாயை மட்டும் கெப்ளரிடம் தள்ளிவிட்டார். கெப்ளர் எட்டே நாளில் முடிக்கிறேன் என்று பந்தயம் கட்டினார். ஐந்து வருஷத்துக்குமேல் ஆயிற்று. அதற்குள் 1601 அக்டோபரில் டைக்கோ இறந்துபோனார். வாரிசுகள் அசந்திருந்த நேரத்தில் அந்த நோட்டுகளைத் தானே எடுத்து வைத்துக்கொண்டதாகக் கெப்ளரே பின்னால் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போக அந்த ஒப்புதலும் ஒரு காரணம்.

இனி என் பக்கத்துக் கதை. எங்கள் லெட்ஜர் காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலம் கணக்குப் பத்துப் பைசா உதைத்தால் ராத்திரி ஒன்பது மணி வரை ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. "பத்துப் பைசாவை நானே தருகிறேன், விடுங்கள் சார்" என்று புதுப்பையன்கள் கெஞ்சுவார்கள். எங்கள் பழைய அக்கவுண்டன்ட் சொல்வார்: "பத்துப் பைசா இல்லடா. எங்கேயோ பத்தாயிரம் கூடி, இன்னோர் இடத்தில் 9,999 ரூபாய் 90 பைசா குறைந்திருந்தால்?" அலுத்துப்போனால், காரணம் தெரியாத தொகையைப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டுப் போவதும் நடக்கும். மறுவருஷம் ஆடிட்டில் அது பூதமாக எழுந்து வரும்.

கெப்ளர் முதலில் வட்டத்தை வைத்துத்தான் பார்த்தார். சூரியனுக்கு நேர் எதிரே செவ்வாய் நின்ற நான்கு ராத்திரிகளை எடுத்துக்கொண்டு, வட்டத்தின் மையத்தை இங்கே நகர்த்தி அங்கே நகர்த்தி, எழுபது தடவை கணக்குப் போட்டார். சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பக்கம் பக்கமாகக் கைக்கணக்கு, லாகரிதம்கூட இல்லாத காலம். "இதைப் படிக்க உங்களுக்குச் சலிப்பாக இருந்தால், எழுபது தடவை போட்ட என்மேல் இரக்கப்படுங்கள்" என்று வாசகரிடமே புலம்புகிறார். கடைசியில் பொருந்திற்று. மற்ற எதிர்நிலைகளையும் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு கலைக்குள் எல்லாம் சரி. வேறு யாராவது என்றால் அன்றைக்கே பாயசம் வைத்திருப்பார்கள்.

இவர் அதோடு விடவில்லை. திசை சரி, தூரம் சரியா என்று பார்த்தார். தூரம் இடித்தது. தூரத்துக்காக வட்டத்தை நகர்த்தினால் திசை இடித்தது. எவ்வளவு? 8 கலை. நிலாவின் அகலத்தில் ஏறக்குறைய கால்வாசிதான். தாலமி தன் அளவுகள் 10 கலைக்குக் கீழே இறங்காது என்று சொன்னவர். அவர் கணக்கில் இந்த எட்டு கண்ணிலேயே பட்டிருக்காது. ஆனால் கெப்ளர் கையில் இருந்தது டைக்கோவின் அளவு. கடவுள் இப்படி ஓர் அளவுக்காரரைக் கொடுத்திருக்கும்போது இந்த எட்டை ஒதுக்கிவிட முடியாது, வானியல் முழுவதையும் திருத்தி எழுத இந்த எட்டுக் கலையே வழிகாட்டிற்று என்கிறார். எழுபது தடவை உழைத்த உழைப்பைத் தூக்கிப் போட்டார். இருபது வருஷம் தீவில் விழித்திருந்த மூக்கறுந்த மனிதர்மேல் வைத்த நம்பிக்கைக்காக!

அப்புறம் அவர் செய்தது அசல் சர்வே வேலை. செவ்வாய் சூரியனை ஒரு தடவை சுற்ற 687 நாள். ஆகவே 687 நாளுக்கு ஒருமுறை அது அதே இடத்துக்கு வந்து நிற்கும். பூமியோ அதற்குள் இரண்டு சுற்று முடிக்க இன்னும் 43 நாள் பாக்கி வைத்திருக்கும். அதாவது செவ்வாய் நகராத கோபுரம், பூமி நீ கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு மாறி மாறி நிற்கிற மேடு. கோபுரத்தைப் பல இடத்திலிருந்து பார்த்து நீ நிற்கும் இடத்தைப் பிடிப்பாயே, அதேதான். நாம் நிற்கும் தரையே ஓடிக்கொண்டிருக்கும்போது அதை வைத்து எப்படி அளப்பது என்று திகைக்காமல், முதலில் தரையை அளந்துவிட்டார்! பூமியும் சூரியனுக்குக் கிட்டே வேகமாகவும் எட்ட மெதுவாகவும் போகிறது என்று அதில் தெரிந்தது. பிறகு திரும்பி, பூமியின் இரண்டு நிலையங்களிலிருந்து செவ்வாயின் தூரத்தைப் பிடித்தார்.

கிரகத்துக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினால், சம காலத்தில் அது பெருக்கித்தள்ளும் பரப்பும் சமம் என்பது அப்படிக் கிடைத்தது. மாசத்துக்கு ஒரு பட்டா போட்டால், துண்டுகளின் உருவம் வேறு வேறு, ஏக்கர் மட்டும் ஒன்று.

பாதையின் உருவம் மட்டும் இழுத்தடித்தது. வட்டம் போயிற்று, முட்டை வடிவம் வைத்துப் பார்த்து வருஷக்கணக்கில் அலைந்தார். வானியல் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கியதில் ஒரே ஒரு வண்டிச் சாணம் மிச்சம் என்று அந்த முட்டையைப் பற்றி நண்பர் ஒருவருக்கு எழுதினார். ஒருநாள் வட்டத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளியாக 0.00429 என்ற எண் கண்ணில் பட்டது. வேறொரு கோணத்தைக் கணக்கிட்டபோது அங்கேயும் 1.00429. தூக்கத்திலிருந்து யாரோ எழுப்பியதுபோல் இருந்தது என்கிறார். நீள்வட்டம், அதன் ஒரு குவியத்தில் (மையத்துக்கு இரு பக்கமும் தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்றில்) சூரியன். 1609-இல் புத்தகம் வந்தது. நீ காம்பஸை எடுத்து 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டுப் பார். செவ்வாயின் பாதை அதிலிருந்து அரை மில்லிமீட்டர்கூட உள்ளே வராது. உன் பென்சில் கோட்டுத் தடிமனுக்குள் அடங்கிவிடும் வித்தியாசத்துக்கு அத்தனை வருஷம்.

1618 மே 15-இல் இன்னொன்றையும் பிடித்தார். சுற்றும் காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனத்துக்கு, அதாவது தூரத்தை மூன்று தடவை வைத்துப் பெருக்கியதற்கு ஏற்றபடி போகும். நம் ஊரில் இதற்குச் சாட்சி இருக்கிறது. குரு சிம்மத்துக்கு வரும்போது மகாமகம், அதனால்தான் 12 வருஷத்துக்கு ஒருமுறை. வியாழனின் சரியான சுற்று 11.86 வருஷம். அதன் வர்க்கம் 140.7. பூமியைப்போல் 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது, அதன் கனம் 140.6. டேலி!

எப்படிப் போகிறது என்று சொன்னாரே தவிர, எது இழுக்கிறது என்பதில் கெப்ளர் பாதி தூரம்தான் வந்தார். சூரியன் சுழன்று கிரகங்களைக் காந்தம்போல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது என்று நினைத்தார். தவறு. ஆனால் கல்லும் கல்லும் ஒன்றையொன்று இழுக்கும், நிலாதான் கடலை இழுத்து, அது பொங்கி வடியும் ஓதத்தை உண்டாக்குகிறது என்றும் எழுதினார். இந்த மனுஷர் போய் இப்படிச் சொல்கிறாரே என்று கலிலியோ 1632-இல் குறைப்பட்டுக்கொண்டார். கலிலியோ சறுக்கிய இடங்களில் அது ஒன்று.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுகிற பொருளை யாரும் தள்ள வேண்டியதில்லை, அது தானாகவே நேர்கோட்டில் போகும், உள்பக்கம் வளைக்கத்தான் இழுப்பு வேண்டும். இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1679-இல் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பார்வை இருக்கிறது. 1684 ஜனவரியில் ஹூக், வானியலாளர் ஹாலி, கட்டடக் கலைஞர் கிறிஸ்டஃபர் ரென் மூவரும் லண்டனில் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும் இழுப்பிலிருந்து நீள்வட்டம் வரும் என்று நிரூபிப்பவருக்கு 40 ஷில்லிங் மதிப்பில் ஒரு புத்தகம் என்றார் ரென். ஆகஸ்டில் ஹாலி நேரே கேம்பிரிட்ஜ் போய் நியூட்டனைக் கேட்டார். "நீள்வட்டம்தான், ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறேன்" என்றவர் அந்தத் தாளைத் தேடினார், கிடைக்கவில்லை. மறுபடி எழுதப் போய் அது 1687-இல் பிரின்சிபியா என்ற புத்தகமாக வந்தது. அச்சுச் செலவு ஹாலி கைக்காசு. விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டி மீன்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஹாலிக்குச் சம்பள பாக்கியையும் அந்த மீன் புத்தகப் பிரதிகளாகவே கொடுத்தார்களாம்.

இப்போது பேரனைக் கூப்பிடு. நிலாவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொல். ஒரு நொடியில் ஒரு கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுகிறது, அதற்குள் பூமியை நோக்கி 1.4 மில்லிமீட்டர் விழுகிறது. பூமியும் உருண்டை, நிலாவின் பாதையும் வளைந்துகொண்டே போகிறது, அதனால் விழுந்து விழுந்தும் தரை வந்து சேர்வதில்லை. நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தூரத்தில். 60-இன் வர்க்கம் 3,600. இங்கே கையிலிருந்து நழுவிய கல் ஒரு நொடியில் விழும் 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் அதே 1.4 மில்லிமீட்டர். ஆப்பிளும் நிலாவும் ஒரே கணக்கு.

இதிலும் உன் ஆட்கள் உண்டு. நியூட்டன் இளவயதில் இந்தக் கணக்கைப் போட்டபோது சரியாக உட்காரவில்லை. பூமியின் ஆரத்தை அவர் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பிரான்சில் பிகார் என்பவர் பாரிஸ் பக்கத்திலிருந்து ஆமியேன் வரை முக்கோணம் முக்கோணமாகச் சர்வே செய்து பூமியின்மேல் ஒரு பாகையின் நீளத்தைக் கணக்காக எடுத்தார். பிரின்சிபியாவில் நிலாக் கணக்கு நிற்பது அந்தப் பிரெஞ்சு அளவின்மேல்தான். பரங்கிமலையில் 1802-இல் வெள்ளைக்கார சர்வேயர் லாம்டன் சங்கிலி போட்டு அளந்ததும் அதே வழியில் வந்த வேலை. அவர் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து இடித்துக் கெட்டுப்போன கதையை நீதான் எனக்குச் சொன்னாய்.

உன் பென்ஷன் அரியர்ஸ் மனு என்ன ஆயிற்று? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கெப்ளருக்கும் அரண்மனையிலிருந்து 12,000 ஃப்ளோரினுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாக்கி. அதைக் கேட்டு வாங்கலாம் என்று 1630 அக்டோபரில் கிழட்டுக் குதிரையில் ஏறி ரேகன்ஸ்பர்க் போனார். காய்ச்சல் கண்டு நவம்பர் 15-இல் அங்கேயே இறந்தார். போரில் கல்லறையும் காணாமல் போயிற்று. நீ இந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த ஆபீஸ் மாடிப்படியை ஏறாதே. மனுவைத் தபாலில் போடு, நகலை எனக்கு அனுப்பு. கூட்டல் கழித்தலை நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்