உன் லாச்சியிலேயே இருக்கட்டும்

கொக்குவில், யாழ்ப்பாணம்,
வைகாசி 20

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, தடி இல்லாமல் கடைவரை போய்வருகிறாய் என்று வாசித்ததும் இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கே காண்டாவன வெயில் கொளுத்துகிறது. கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை காய்த்ததே கொஞ்சம், அதிலும் பாதி அணிலுக்கு.

நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். தொலைபேசியில் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்கிறேன், அக்கறை விட்டுப்போய்விட்டதா என்பது ஒன்று. உன் மகனுக்கு வேலை போன கதைக்கும் "ஓம், நல்லது" என்றேனாமே. மன்னித்துக்கொள். எனக்குக் காது கேட்கவில்லை. இந்த மூன்று சொல்லை எழுத எனக்கு ஐந்தாறு வருசம் பிடித்தது. இரண்டாவது, காலமான உன் மாமியாரின் காதுக் கருவிகள் மேசை லாச்சியில் சும்மா கிடக்கின்றன, அனுப்பட்டுமா என்பது. இவள்தான் உன் வீட்டுக்காரிக்கு இரகசியத்தை உடைத்திருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். வேண்டாம் மச்சான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கேட்கவில்லை என்றால் உலகம் ஊமையாகிவிட்டது என்று நினைக்காதே. சத்தம் எல்லாம் கேட்கும். சொல்தான் பிடிபடாது. பக்கத்து வளவில் தேங்காய் விழுந்தால் எனக்குத் தெரியும், விழுந்ததைப் பற்றி இவள் சொல்வது தெரியாது. உயிரெழுத்து வந்துசேரும், மெய்யெழுத்து வழியில் உதிர்ந்துவிடும். அதிலும் ச, த, க, ப எல்லாம் உயர்ந்த சுருதியில் மெல்லிய காற்றாக வெளிப்படுபவை, அவைதான் முதலில் போகின்றன. இலக்கணத்தில் வல்லினம், என் காதில் அதைவிட மெலிந்த இனம் இல்லை. பெண்கள், பிள்ளைகளின் குரல் இன்னும் கஷ்டம்.

முதலில் பிடிபட்டது 2020 இல், எல்லாரும் முகக்கவசம் போட்டபோது. வங்கியில் அந்தப் பிள்ளை மூன்று தரம் கேட்ட கேள்விக்கு மூன்று தரமும் கையெழுத்து வைத்தேன். கவசத்தின் குற்றம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு 2022 இன் மின்வெட்டுகள். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் என்று போனதே, அந்த நாட்களில் விறாந்தையில் இருட்டுக்குள் இருப்போம். இவள் கதைப்பாள், எனக்கு ஒன்றும் விளங்காது. கைவிளக்கைக் கொளுத்தி அவள் முகத்துக்கு நேரே வைத்தால் விளங்கும். வருசக்கணக்காக நான் காதால் அல்ல, கண்ணால் அவள் உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் வைத்தியரிடம் போகவில்லை. கரண்ட் போனால் பேசாமல் படுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

போக வைத்தது நம் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெங்காயக் கடைக்கு முன்னால் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். "அண்ணர் மோசம் போய்விட்டார்" என்றிருக்கிறார். லொறி ஒன்று பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது ஒரு ஓகாரமும் ஒரு மகர ஒற்றும்தான், மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். "சந்தோசம், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். மனிதர் என் கையை விட்டுவிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே! செத்தவீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையானவர். எனக்குத்தான் மூன்று இரவு நித்திரை இல்லை.

அதன் பிறகும் குறுக்குவழிதான் பார்த்தேன். இணையத்தில் விளம்பரம் கண்டு ரூபா 3,500 க்கு ஒரு பொருளை எடுத்தேன். காதுக்குள் செருகியதும் உலகமே தகரப் பீப்பாவுக்குள் விழுந்த மாதிரி இருந்தது. குசினியில் தட்டு வைத்தால் இடி, மினி பஸ் போனால் பூகம்பம், வாய் அசைத்தால் கீச்சென்று விசில். பேச்சு மட்டும் முந்தி இருந்த இடத்திலேயே இருந்தது. அது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தூக்கிவிடும் வெறும் பெருக்கி. எனக்குக் கேட்கிற தடித்த சத்தத்தையும் தூக்கி, கேட்காத மெல்லியதை அதற்குள் புதைத்துவிட்டது. பேரன் இப்போது அதைக் கழற்றி ஆராய்ச்சி செய்கிறான். 3,500 ரூபாவுக்கு அது நல்ல விளையாட்டுச் சாமான்.

கடைசியில் போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போனேன். முதல் வேலையாக இடது காதிலிருந்து ஒரு புளியங்கொட்டை அளவு குறும்பியை எடுத்தார். சிலருக்கு அதோடே காது திறந்துவிடும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிறகு சத்தம் புகாத ஒரு சிறு அறைக்குள் இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள். "பீப்" கேட்டால் அமத்த வேண்டும். கேட்காத இடத்தில் கேட்டதாக அமத்தவேண்டும் போல ஒரு ஆசை வந்தது, பார். பரீட்சை என்றால் பழைய புத்தி போகாது.

வந்த கடதாசியில் ஒரு கோடு. 500 ஹேர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியில் 30 டெசிபெல் சத்தம் போதும் என்று மேலே நிற்கிறது, 4,000 என்ற உயர்ந்த சுருதியில் 70 வேண்டும் என்று கிணறு மாதிரி இறங்குகிறது. அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பரிசோதித்த பிள்ளை கேட்டாள், "பெரிய சத்தம் உள்ள இடத்தில் வேலை செய்திருக்கிறீர்களா ஐயா?" என்று. "வேலை செய்யவில்லை பிள்ளை, குடியிருந்தேன்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, 1990 இல் அவள் பிறந்திருக்கவே மாட்டாள்.

உனக்கு விளங்கும். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த அந்த மாதங்களில் நமக்கு இருந்த காது யாருக்கு இருந்தது? "டும்" என்று பீரங்கிச் செல் எழும்பும் சத்தத்தை வைத்தே பங்கருக்குள் குதிப்பதா, தேநீரைக் குடித்து முடிப்பதா என்று தீர்மானித்தோம். வானத்தில் உறுமுவது குண்டு போடும் சகடை விமானமா, ஹெலியா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். உன் மதிலோடு செல் விழுந்த அன்று என் இடது காதில் "கூ" என்று தொடங்கிய இரைச்சல் பத்து நாள் நின்றது. பிறகு போய்விட்டது என்று நினைத்தோம். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழலுக்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றனவாம். செத்தால் மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. செல் கொஞ்சத்தை அன்று கொண்டுபோனது, வயது மிச்சத்தில் பங்கு கேட்கிறது.

இனி கருவிக் கதை. நகரத்தில் விற்கிற இடத்தில், சத்தத்தை எத்தனை கூறாகப் பிரித்துச் சரிசெய்யும் என்ற கணக்கில் 8 சனல், 16 சனல், 32 சனல் என்று அடுக்கி வைத்தார்கள். உச்சியில் இருந்தது ஒரு காதுக்கே மூன்று இலட்சத்துக்கு மேல். புளூடூத் உண்டாம். நான் யாரோடு புளூடூத்தில் கதைக்கப் போகிறேன்? அதிகச் சத்தமுள்ள சபைகளுக்கு ஓயாமல் போகிறவனுக்கு விலை கூடியது பயன்படலாம். விறாந்தையில் இரண்டு பேரோடு கதைக்கிறவனுக்கு எளியதே போதும். விலை கூடிய ஒன்றைவிட எளிய இரண்டு நல்லது என்று முடிவு செய்தேன், இரண்டு காதும் வேலை செய்தால்தான் கூப்பிடுகிறவர் எந்தப் பக்கம் என்று தெரியும். ஒன்று ரூபா 72,000. இவள் சீட்டு எடுத்த காசு, வாசல் கேற்றுக்கு வைத்திருந்தது. பழைய படலை இன்னும் இரண்டு மாரி தாங்கும் என்றாள்.

காசு கட்டுவதற்கு முன் என் கடதாசியைக் கணினியில் போட்டு, அந்தக் கோட்டுக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்தார்கள். பள்ளம் உள்ள இடத்தில் மட்டும் தூக்கும், திடீர்ச் சத்தத்தை அமத்தும். போட்டுக்கொண்டு கஸ்தூரியார் வீதியில் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வந்தேன். காதுக்குள் இருக்கும் அச்சு, பசையை ஊற்றி என் காதிலேயே வார்த்தது. இப்போது விளங்குகிறதா, உன் மாமியாரின் கருவி ஏன் வேண்டாம் என்று? அது அவரின் காதுக்கு வெட்டிய சட்டை. அதோடு உங்கள் பிரித்தானிய அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். அதை இலவசமாகத் தந்தாலும் இரவலாகத்தான் தருகிறது. திருப்பிக் கொடுத்துவிடு. அமெரிக்காவில் இருக்கும் பெறாமகனும், அங்கே 2022 ஒக்டோபரிலிருந்து லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்கு வைத்தியரின் சீட்டில்லாமலே கடையில் வாங்கலாம், அனுப்புகிறேன் என்றான். கீச்சிட்டால் இங்கே யாரிடம் கொண்டுபோவது? நான் வாங்கியதில் பாதி விலை அந்தக் கடைப் பிள்ளைகளின் பொறுமைக்கு. நாலு தரம் போய்த் திருத்திவிட்டேன்.

பற்றரி சின்னப் பொத்தான் அளவு, 13 என்று இலக்கம், செம்மஞ்சள் ஒட்டு. ஒட்டை உரித்துவிட்டு ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துத்தான் போட வேண்டும், காற்றில்தான் அது உயிர் பெறுகிறது. பத்து நாள் ஓடும். என் நடுங்கும் விரலுக்கு இதைவிடச் சின்னது சரிவராது. இந்த வேர்வைதான் பெரிய எதிரி. இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்கிறேன்.

அதிசயம் ஒன்றையும் எதிர்பார்க்காதே. கண்ணாடி போட்ட மாதிரி உடனே தெளிந்துவிடாது. முதல் கிழமை என் குரலே குடத்துக்குள் இருந்து வந்தது. பத்திரிகை புரட்டினால் காவோலை இழுக்கிற சத்தம். கல்யாண வீட்டில் இன்றைக்கும் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுகிறேன். ஆவணியில் நல்லூருக்கு வருகிறாய் அல்லவா, ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று எனக்குக் கதை சொல்லாதே. வீட்டுக்கு வந்து, என் வலது பக்கக் கதிரையில் இரு.

இவளுக்குத்தான் பழக்கம் விடவில்லை. இன்னும் உரத்துத்தான் கதைக்கிறாள். எங்கள் வீட்டுக் கணக்கு வழக்கு மூன்று வளவுக்கும் பாடம்.

முந்தாநாள் எட்டு மணிபோலக் கரண்ட் போனது. விளக்கைத் தேடி எழும்பினேன். "படலை பூட்டியாயிற்றா?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள். பூட்டிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு மாங்காய் விலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் விளக்கைக் கொளுத்தவில்லை.

உன் பள்ளிக்கூட வாங்குத் தோழன்