மூன்றாம் பக்கம்

அன்புள்ள கரிச்சானுக்கு,

ஏழு மாதம் ஆகிவிட்டது. உன் இரண்டு கடிதங்களும் என் மேசைமேலேயே இருக்கின்றன. இரண்டாவதன் கடைசியில், "படிக்கப் போனாயா, சந்நியாசம் போனாயா?" என்று கேட்டிருந்தாய். கோபத்தில்தான் கேட்டிருப்பாய், அதற்கு உனக்கு உரிமை உண்டு. மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் பெண் நீச்சல் கற்கிறாள் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது. குடை விவகாரத்தை அவளிடம் நீயே சொல்லிவிடு. நான் வந்து சொன்னால் இரண்டு காட்சிகள் கூடிவிடும்.

ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நேரே சொன்னால் புரியாது, கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

சமூகக் கொள்கையும் சமூக ஆய்வும் சேர்ந்த முதுகலைப் படிப்பு இது என்று போன முறை எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டில் ஒன்றரை ஆண்டு முடிந்துவிட்டது. எல்லாம் இணையவழிதான். அலுவலகம் முடிந்து, வீடு அடங்கிய பிறகு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் நள்ளிரவு வரை. பதிவுசெய்த விரிவுரையை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, ஒரே வாக்கியத்தை நான்கு முறை கேட்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரடி வகுப்பு. அப்போது ஒருத்திக்கு விடிகாலை, இன்னொருவருக்கு நள்ளிரவு. தனியாகப் படிப்பது சலித்துப்போகும் என்று நீ பயமுறுத்தினாய். தனிமை உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் என் குழுவில் ஒரு செவிலியர், ஒரு ஆசிரியர், வீட்டுவசதித் துறையில் இருக்கும் ஒருவர் என்று நான்கு பேர் இருக்கிறோம். பாடத்தில் ஒரு கோட்பாடு வந்தால், மறுநாள் காலையில் ஒவ்வொருவரும் அதைத் தங்கள் வேலையில் உரசிப் பார்த்துவிட்டு வருகிறோம். வேலையை விட்டுவிட்டு ஏதோ வளாகத்தில் போய் உட்கார்ந்திருந்தால் எனக்கு இது வாய்த்திருக்காது.

புள்ளியியல் தாள் வந்தபோது நம் கணக்கு வாத்தியாரின் இருமல் காதில் கேட்டது. நீ அதைச் செய்துகாட்டும் விதமும் நினைவுக்கு வந்தது. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. ஒரே ஒரு கதை அந்தத் தாளையே எனக்குத் திறந்துவிட்டது. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னால் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். நடந்தது என்ன? அன்றிருந்த 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பத்திரிகை முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? சீட்டுக் கிடைத்தவர்களிலும் திருப்பி அனுப்பாதவர்களே பல மடங்கு. இருபது லட்சம் என்ற எண்ணின் பருமனைப் பார்த்து மயங்கியவர்கள், வராத சீட்டுகள் யாருடையவை என்று கேட்கவில்லை. இதை எழுதிவைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது மரியன்தால். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கிருந்த துணி ஆலை மூடப்பட்டதும் ஊரே வேலையிழந்தது. 1930-களின் தொடக்கத்தில் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தோழர்களோடு அங்கே போனார்கள். வேலையில்லாதவன் என்ன செய்கிறான் என்பது அவர்கள் கேள்வி. கையில் கடிகாரத்தோடு மறைவாக நின்று, தெருவில் போகிறவர்களின் நடையின் வேகத்தை அளந்திருக்கிறார்கள்! பெண்களைவிட ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்குக் கூலிதான் போயிருந்தது, வீட்டு வேலை அப்படியே இருந்தது. நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் வாங்குவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கையில் நேரம் குவிந்து கிடக்கிறது, படிக்க மனம் வரவில்லை. வேலையில்லாதவர்கள் பொங்கி எழுவார்கள் என்று எதிர்பார்த்த காலம் அது. அந்த ஊரில் அவர்கள் கண்டது மனிதர்கள் அடங்கி, சோர்ந்து, ஆசைகளைச் சுருக்கிக்கொண்டதை. இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இன்னொன்று கேள்: ஆய்வுக்கு வந்தவர் யாரும் சும்மா வேடிக்கை பார்க்கக் கூடாது, ஊருக்கு ஏதாவது உதவியாக இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் விதி வைத்திருந்தார்கள். துணிமணி சேர்த்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், தையலுக்குத் துணி வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த விதியைப் படித்துவிட்டு, நான் இதுவரை யாருக்கு என்ன செய்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்க்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

பதினான்கு வருடமாக நான் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கிற மேசையில் இருக்கிறேன். கொள்கை மேலிடத்தில் எழுதப்பட்டாலும், அதை உண்மையில் உருவாக்குகிறவர்கள் என் மேசையில் உட்காருகிறவர்கள்தான் என்று அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இலேயே வாதிட்டிருக்கிறார். யாரை உட்கார வைப்பது, யாரிடம் இன்னொரு சான்று கேட்பது, யாரை நாளை வரச் சொல்வது எல்லாம் எங்கள் கையில். படித்தபோது பெருமையாக இருந்தது. அடுத்த பாடத்தில் அந்தப் பெருமை போய்விட்டது.

உதவித் திட்டத்தில் இரண்டு பிழைகள் நேரலாம். தகுதியில்லாதவர் பெற்றுவிடுவது ஒன்று. தகுதியுள்ளவர் பெறாமலே போவது மற்றொன்று. முதல் பிழைக்குக் கோப்பு இருக்கும், விசாரணை இருக்கும், செய்தித்தாளில் இடம் இருக்கும். இரண்டாவதற்குக் கோப்பே கிடையாது. விண்ணப்பிக்காதவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? வராத வாக்குச்சீட்டுப் போலத்தான். ஏன் அவர் வரவில்லை என்பதை மூன்று சுமைகளாகப் பிரித்துப் படிக்கிறோம். திட்டம் இருப்பதே தெரியாமை. தெரிந்தாலும் சான்றுக்கும் வரிசைக்கும் வேலையை விட்டு அலைய வேண்டியிருப்பது. மூன்றாவது, அந்த அலைச்சலில் மனிதர் சிறுமைப்படுவது.

எட்டு வருடத்துக்கு முன்னால் போலி விண்ணப்பங்கள் பற்றிப் புகார் வந்தபோது, புதிய படிவம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பதினோரு பக்கம் எழுதினேன். கடந்த மூன்று மாத வருமானம், அதற்குச் சான்று, சான்றுக்கு ஒரு சான்று. ரௌண்ட்ரீ என்பவர் 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் 11,560 குடும்பங்களைக் கணக்கெடுத்து, ஒரு உழைப்பாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வந்து போகிறது என்று காட்டினார்: குழந்தைப் பருவத்தில், பிள்ளைகளை வளர்க்கும்போது, முதுமையில். என் படிவத்துக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியாது, மூன்று மாதம்தான் தெரியும். படிவம் நடைமுறைக்கு வந்ததும் விண்ணப்பங்கள் மளமளவென்று குறைந்தன. எல்லோரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன். குறைந்தவர்கள் அத்தனை பேரும் போலிகள் என்று முழுமனதாக நம்பினேன், கரிச்சான். ஒருவரையாவது தேடிப்போய்க் கேட்கவில்லை.

அதனால்தான் ஆய்வேட்டுக்கு இதையே எடுத்தேன்: விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர்கள். அலுவலகப் பதிவேட்டைத் தொட்டால் அது முறைகேடு. ஒரு தொண்டு அமைப்பின் மூலம் அறிவிப்பு வைத்தேன். தாமாகப் பேச முன்வந்தவர்கள் ஆறு பேர். அவர்கள் சொற்களை இங்கே எழுத மாட்டேன், அவை ஆய்வுக்காகத் தரப்பட்டவை. ஆனால் என்னைப் பற்றி எழுதலாம். அவர்களில் நான்கு பேர் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் இருப்பது இதுதான்: "உங்கள் செலவை வேறு யாரேனும் ஏற்கிறார்களா? ஆம் எனில், அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு என்ன?"

அந்தக் கேள்வியை எழுதியவள் நான்.

ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க ஐந்து மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு இருமலையும் இடைவெளியையும் குறிக்க வேண்டும். அப்படி ஒரு பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது 'மௌனம், 11 விநாடி' என்று போட வேண்டி வந்தது. பேசுகிறவர் நிறுத்தினால் உடனே குறுக்கிடாதே, காத்திரு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது என் தேர்ச்சியாகத் தெரியும். உண்மையில் அவர் தம் பதிலை முடித்துவிட்டார். பேச முடியாமல் இருந்தது நான்.

நான் அந்தத் துறையில் வேலை செய்கிறேன் என்பது அவர்களுக்குக் கொடுத்த தகவல் தாளில் இருந்தது. படிவத்தை எழுதியதே நான்தான் என்பது இல்லை. மறைக்கவில்லை, முக்கியம் என்று தோன்றவில்லை. நெறியாளரிடம் சொன்னேன். திட்டவில்லை. "தெரிந்திருந்தால் உங்களிடம் பேசியிருப்பார்களா?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் யோசித்தேன். பிறகு பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவுக்கு எழுதினேன், திருத்திய தகவல் தாளுக்கு ஒப்புதல் வாங்கினேன், ஆறு பேருக்கும் உள்ளதைச் சொல்லி, விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று தெரிவித்தேன். ஐந்து பேர் சம்மதித்தார்கள். ஒருவர் விலகிக்கொண்டார். அந்த 11 விநாடி அவருடைய பதிவில்தான் இருந்தது. பதிவையும் எழுத்தையும் அழித்துவிட்டேன். என் ஆய்வின் உயிர் அதில் இருந்தது என்று ஒரு நாள் முழுதும் அழுதேன். அவருடையதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனாலும் அழுகை வந்தது.

இதை உன்னிடம் ஏன் எழுதுகிறேன் என்று இப்போது சொல்கிறேன்.

உன் அம்மா அந்த உதவித்தொகை விண்ணப்பத்தைப் பாதியில் விட்டபோது நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நிரப்பத்தானே வேண்டும், அதில் என்ன கஷ்டம்? வீம்பு பிடிக்கிறார்" என்றேன். அது நான் எழுதிய படிவம் இல்லை, அதற்கு வெகு காலம் முந்தையது. ஆனால் பேசியது நான். நீ பதில் சொல்லவில்லை. சட்டென்று வாத்தியாரைப் போல இருமிக் காட்டினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று நீ பேச்சை மாற்றியது எதற்காக என்பது இத்தனை வருடம் கழித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொருவர் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா இரண்டாவது முறை அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்த நாளில் என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டியவள்.

படிவத்தை மாற்றச் சொல்லி என் துறைக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். வியாழக்கிழமை வந்து விளக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பக்கத்துக்குள் ஒரு வரைவு தயார். செலவை ஏற்பவர் யார் என்ற கேள்வி அதில் இல்லை. வருமானத்தைக் கேட்கும் இடம் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை, நான்கு முறை மாற்றிவிட்டேன்.

அதன் பிரதியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மனம் இருந்தால் மட்டும் வாசித்துக் காட்டு. இது ஆய்வில் சேராது, ஒரு வரிகூட எங்கும் போகாது. அவர் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்கும்போது எந்த இடத்தில் அவருக்கு முகம் சுருங்குகிறதோ அங்கே ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்பு. புதன்கிழமைக்குள் வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போவேன். வராவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவிடம் நான் கேட்டதாக மட்டும் சொல். அடுத்த மாதம் நேரில் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி