முரணாகப் பேசினால் குற்றவாளியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் ஒரு கொலை வழக்கைப் பற்றிய கட்டுரையில், குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி, "நீதிமன்றத்தில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியபோதே அவரது குற்றம் அம்பலமாகிவிட்டது" என்று ஒரு வரி இருந்தது. அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பே வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக உங்கள் இதழை வாங்கிப் படிக்கிறேன். மேற்கொண்டு படிக்க மனமில்லாமல் பாதியில் மூடி வைத்தது இதுதான் முதல் தடவை.

என் தம்பி ஒரு ஜவுளிக்கடையில் கேஷியராக இருந்தான். கல்லாவில் 38,000 ரூபாய் குறைகிறது என்று அவன் மேல் வழக்குப் போட்டார்கள். ஐந்து வருடம் வாய்தா வாய்தாவாக இழுத்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு நீதிபதி அவனிடம் கேள்வி கேட்டார். பணம் குறைந்த அன்று இரவு ஒன்பதரைக்குக் கடை முடிந்து போனேன் என்றான். அப்புறம் தன் பக்கத்தைத் தானே சொல்கிறேன் என்று சாட்சியாகக் கூண்டில் ஏறினான். ஏறும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், யாரும் சொல்லாமலே. உள்ளே போய்க் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், குறுக்கு விசாரணையில் பத்தரைக்குக் கிளம்பினேன் என்று சொல்லிவிட்டான்.

"ஒன்பதரையா, பத்தரையா? நடுவில் ஒரு மணி நேரம் என்ன செய்தாய்?" என்று அரசு வக்கீல் பிடித்துக்கொண்டார். "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தால், "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்றார். கடையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்குவார்கள், கல்லாக் கணக்கை முடித்து முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு கேஷியர் வீட்டுக்குக் கிளம்பப் பத்தரை ஆகும். இரண்டும் உண்மைதான். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் என்றுதான் நினைத்திருப்பார்கள். உங்கள் கட்டுரையாளர் அன்று அங்கே இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நீதிபதி அந்த ஒரு மணி நேரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பணத்தை அவன் எடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்று விடுதலை செய்தார்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஐந்து வருடத்தில் நான் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். சார்தா வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசுத் தரப்பு தன் வழக்கைத் தானே நிரூபிக்க வேண்டும், எதிர்த்தரப்பு சொன்னது பொய் என்பதை வைத்து ஓட்டையை அடைக்க முடியாது. நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழ்நிலைகளைக் கோத்துக் காட்டும் சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலி முழுதாக இருந்தால்தான் அந்தப் பொய்யை இன்னொரு கண்ணியாகச் சேர்த்துக்கொள்ளலாம். மனைவிக்கு விஷம் கொடுத்தார் என்று மும்பை உயர் நீதிமன்றம் வரை தூக்குத் தண்டனை உறுதியான ஒருவர் அந்தத் தீர்ப்பில்தான் விடுதலையானார். அதற்கு முந்தைய வருடம் இன்னொரு வழக்கில், நடந்ததை வீடியோ டேப்பைப் போல அப்படியே ஓட்டிக் காட்ட மனித மனத்தால் முடியாது என்றது அதே நீதிமன்றம். அது பாதிக்கப்பட்டவர் தரப்புச் சாட்சிகளுக்காகச் சொன்னது. அவர்களுக்குக் காட்டும் அந்தப் பொறுமையைக் கூண்டில் நிற்பவருக்கும் காட்டக்கூடாதா? மறப்பதும் உளறுவதும் எல்லோருக்கும் பொதுதானே? முரண்பாடே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஊரிலேயே இல்லை என்றவர் அன்று ஊரில் இருந்தது தெரிந்தால், அது வேறு விஷயம். மணியைத் தப்பாகச் சொன்னதும் சட்டை நிறத்தை மாற்றிச் சொன்னதும் அப்படியா?

இதை எழுதும்போது பழையதெல்லாம் சேர்ந்து வருகிறது. கைதான மறுநாளே "குற்றவாளி" என்று எழுதுகிறீர்கள். "போலீசாரிடம் பரபரப்பு வாக்குமூலம்" என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, அதைக் கொடுத்தவருக்கு எதிரான சாட்சியமாக எடுக்கக்கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. காவலில் இருந்தவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்றால், கட்டுப் போட்ட கையோடு படத்தை மட்டும் போடுகிறீர்கள், ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. நம் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு "எதிரி" என்றே பெயர். "முதல் எதிரி" என்று டவாலி கூப்பிடும்போது என் அம்மா ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வார். கோர்ட்டில்தான் அந்தச் சொல் என்றால், பத்திரிகையாவது கொஞ்சம் கனிவாக எழுதலாமே என்று இருக்கிறது.

தம்பி கைதானதை ஒரு நாளிதழ் பெயர், தெரு எல்லாம் போட்டு வெளியிட்டது. விடுதலையானதை வெளியிடச் சொல்லி அம்மா தீர்ப்பு நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு மூன்று தடவை போனார். வரவில்லை. தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பழைய செய்தியைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். அந்த வழக்கில் தீர்ப்பு வரும்போது, அது விடுதலை என்றாலும், இந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்