பாதியில் நின்ற செக்லிஸ்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமான விபத்து விசாரணை அறிக்கை எது வெளிவந்தாலும், "விமானியின் தவறே காரணம்" என்று தலைப்புப் போட்டு நம் நாளிதழ்கள் முடித்துக்கொள்கின்றன. விமானப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. தவறு எப்படி நேர்ந்தது என்பதல்லவா செய்தி?

ஸ்பெயினின் மாட்ரிட் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஆகஸ்ட் 20 அன்று ஸ்பேன்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம், இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃபிளாப் தகடுகளும் முன்விளிம்பில் நீளும் ஸ்லாட் தகடுகளும் நீட்டப்படாமலேயே ஓடுதளத்தில் வேகமெடுத்தது. அவை நீளாவிட்டால் அந்த வேகத்தில் இறக்கையால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. உள்ளே இருந்த 172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

ஃபிளாப்பைக்கூடவா மறப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். அன்று அந்த விமானம் ஒருமுறை ஓடுதளம்வரை போய்த் திரும்பி வந்தது. வெளிக்காற்றின் வெப்பநிலையை அளக்கும் கருவியின் ஹீட்டர், பறக்கும்போது மட்டுமே சூடாக வேண்டியது, தரையிலேயே சூடாகிவிட்டது. பராமரிப்புக்காரர்கள் அதற்கு மின்சாரம் போகாதபடி சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு அனுப்பினார்கள். ஏற்கெனவே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். இன்ஜினை இயக்கியபின் துணை விமானி செக்லிஸ்ட்டை, அதாவது சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலை, வரிவரியாகப் படித்துக்கொண்டு வருகிறார். ஃபிளாப் வரி வருவதற்குள், டாக்சிக்கு, அதாவது ஓடுதளம் நோக்கி விமானத்தை நகர்த்த, அனுமதி கேட்கும்படி கேப்டன் சொல்கிறார். துணை விமானி ரேடியோவில் பேசப் போகிறார், விட்ட வரி விட்டதுதான். புறப்படுமுன் கடைசிச் சரிபார்ப்பில் "பதினொன்று" என்று ஃபிளாப் அளவை அவர் வாய் சொல்கிறது. ஃபிளாப்பை நீட்டும் லீவர் அந்த இடத்தில் இல்லை. பலநாள் சொல்லிப் பழகிய நாக்கு, கண்ணைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

ஃபிளாப் நீளாமல் புறப்பட்டால் அலற வேண்டிய எச்சரிக்கை ஒலியும் அலறவில்லை. விமானம் தரையில் இருக்கிறதா, ஆகாயத்தில் இருக்கிறதா என்பதைக் கருவிகளுக்குச் சொல்லும் ஒரு ரிலேதான் (மின்சுவிட்ச்) ஹீட்டருக்கும் அந்த ஒலிக்கும் பொதுவானது. இரண்டும் அதே ரிலேயின் கோளாறா என்பதை விசாரணையாளர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஹீட்டரை நிறுத்தியதோடு விட்டுவிடாமல், அது ஏன் தரையில் சூடாகிறது என்று எங்கள் தொழில்காரர்கள் தேடியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்டில் இதே ரக விமானம் இதே காரணத்தால் விழுந்து 156 பேர் மாண்டிருந்தார்கள். எச்சரிக்கை ஒலியை ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் சோதியுங்கள் என்று அப்போதே உற்பத்தியாளர் பரிந்துரைத்தார். ஸ்பேன்ஏரின் நடைமுறையிலோ ஒவ்வொரு முறையும் சோதிக்கும் வழக்கம் இல்லை. இதற்கும் விமானிதான் பொறுப்பா?

பழக்கம் இன்னொரு பக்கம். 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில், நிறுத்தியிருக்கும்போது கட்டுப்பாட்டுப் பரப்புகள் காற்றில் ஆடாமல் பிடித்துவைக்கும் கஸ்ட் லாக் எனப்படும் பூட்டை விடுவிக்காமல் புறப்பட முயன்ற கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டில் ஏழு பேர் இறந்தார்கள். அதன் முந்தைய 175 பயணங்களின் பதிவைப் பார்த்ததில், கட்டுப்பாடுகளை முழுமையாக அசைத்துச் சோதித்தது வெறும் 2 முறை! 1935 அக்டோபர் 30 அன்று டேட்டன் நகரில் போயிங் 299 சோதனை விமானம் விழுந்ததும் இதே பூட்டால்தான். விமானிகளுக்குச் செக்லிஸ்ட் வந்ததே அந்த விபத்துக்குப் பிறகுதான். பெட்ஃபோர்டு விபத்தையொட்டி அங்கே 1,43,756 பயணங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 18 சதவீதத்தில் இச்சோதனை அரைகுறையாகவோ அறவே செய்யப்படாமலோ இருந்தது. ஏதோ இரண்டு பேர் அலட்சியமாக இருந்தார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

நம் விமான நிறுவனங்களுக்கு என் கோரிக்கை இதுதான்: பதிவுக் கருவித் தகவல்களில் தரையில் செய்யும் சோதனைகளையும் பாருங்கள். விடுபட்டால் சம்பளத்தில் கைவைக்காமல், ஏன் விடுபட்டது என்று கேளுங்கள். நடுவில் குறுக்கீடு வந்தால் செக்லிஸ்ட்டை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க விடுங்கள். அதற்காக ஆகும் இரண்டு நிமிடத் தாமதத்துக்கு எந்த விமானியிடமும் விளக்கம் கேட்காதீர்கள்.

தங்கள் நாளிதழும் அடுத்த விசாரணை அறிக்கை வரும்போது, காக்பிட்டில் நடந்ததை வரிசையாக, அரைப் பக்கமாவது ஒதுக்கி வெளியிட வேண்டும்.

— ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர், பம்மல், சென்னை