பிராஸ்பெக்டனும் ஸ்டார்லெட்டும்: மருமகனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருமகனுக்கு,

டொயோட்டாவின் மீது உனக்குள்ள கோபத்தைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருந்தாய். 1980 முதல் நம் தென்னாப்பிரிக்கக் கார் சந்தையில் முதலிடத்தில் இருக்கும் ஒரு நிறுவனம், இந்தியாவில் சுசுகி செய்யும் காரில் தன் சின்னத்தை ஒட்டி ஸ்டார்லெட் என்று விற்பது ஏமாற்று என்கிறாய். மின்கார் விஷயத்தில் அது வேண்டுமென்றே பின்தங்குகிறது என்றும், அரசு இறக்குமதி வரியை எடுத்துவிட்டுச் சீனக் கார்களைத் தடையின்றி வரவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் முடிக்கிறாய். நம் வீட்டு இளைஞர்கள் பலரும் உன் பக்கம்தான் நிற்கிறார்கள் என்பதால், உனக்குத் தனியே பதில் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதி, கோபத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஸ்டார்லெட். அது சுசுகியின் பலேனோதான், அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. 2019-இல் டொயோட்டாவும் சுசுகியும் ஒன்றில் மற்றொன்று பங்கு வாங்கிக் கூட்டணி அமைத்தபோதே, எஞ்சினோடு மின்மோட்டாரையும் சேர்க்கும் ஹைபிரிட் நுட்பத்தை டொயோட்டா கொடுக்கும், சிறிய கார்களைச் சுசுகி கொடுக்கும், ஆப்பிரிக்கச் சந்தைக்கும் அவை வரும் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். டொயோட்டாவின் எட்டியோஸ் போன இடத்திற்கு 2020-இல் ஸ்டார்லெட் வந்தது. அப்படியே சுசுகியின் பிரெஸ்ஸா அர்பன் குரூசராகவும், எர்டிகா ரூமியானாகவும், செலெரியோ விட்ஸாகவும் வந்தன. ஒரே ஆலையில் செய்த ஒரே காரை இரண்டு கடைகளில் இரண்டு விலைக்குப் பார்க்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அதிக விலை கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பதை அவரையே கேட்டுப் பார். ஊருக்கு ஊர் டொயோட்டா பணிமனை இருக்கிறது, உதிரிபாகம் கிடைக்கிறது, ஐந்து ஆண்டு கழித்து விற்றால் கையில் காசு நிற்கிறது என்பார். அவர் ஏமாந்தவர் அல்லர்.

"அந்தக் காலத்து டொயோட்டா டாஸ் போல ஒரு காரை ஏன் இங்கேயே செய்யக்கூடாது" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி, ஆனால் டாஸைப் பற்றி நீ வைத்திருக்கும் படம் கொஞ்சம் அழகுபடுத்தப்பட்டது. அது எண்பதுகளின் கடைசியில் வடிவமைக்கப்பட்ட கான்குவெஸ்ட் என்ற டொயோட்டா காரின் உடம்பு. அச்சுகளுக்கான முதலீடு எப்போதோ திரும்பிவிட்டதால், 1996 முதல் 2006 வரை டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலையில் அதை மலிவாக அடித்துத் தள்ள முடிந்தது. வோக்ஸ்வேகன் இதையே இன்னும் நீட்டி, முதல் தலைமுறை கோல்ஃபை சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 1984-இலிருந்து 2009 வரை தன் யூட்டன்ஹேக் ஆலையில் செய்துவந்தது. இந்த இரண்டு கார்களின் மேலும் எனக்கும் பிரியம் உண்டு, கொரோலா ஆர்.எஸ்.ஐ.யின் 20 வால்வு எஞ்சின் 7,000 சுழற்சிக்கு மேல் பாடும் பாட்டைக் கேட்டு வளர்ந்த டர்பன்காரனிடம் வேறு எதை எதிர்பார்ப்பாய்? ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மலிவு, உயர்ந்த இறக்குமதி வரி என்னும் வேலிக்குள்ளும், மோதல் பாதுகாப்பைப் பற்றி யாரும் கேள்வி கேட்காத காலத்திலும் விளைந்த மலிவு.

அந்த வேலி எப்படி இறங்கியது என்பதில்தான் உன் கேள்விக்கான விடை இருக்கிறது. நிறவெறி ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், சிறிய சந்தை ஒன்றிற்காக ஏழெட்டு நிறுவனங்கள் எண்ணற்ற மாடல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தன. உலகச் சந்தையில் விற்கக்கூடிய விலையோ தரமோ அவற்றுக்கு வாய்க்கவில்லை. 1995-இல் வந்த மோட்டார் தொழில் வளர்ச்சித் திட்டம் முழுக்காருக்கான வரியை 65 சதவீதமாக்கி, 2002-இல் 40, 2012-இல் 25 என்று படிப்படியாக இறக்கியது. அதோடு ஒரு பண்டமாற்றையும் வைத்தது. ஏற்றுமதி செய்கிற நிறுவனத்திற்கு அதன் மதிப்பிற்கேற்ப வரிச்சலுகைச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் கொண்டு வேறு கார்களைக் குறைந்த வரியிலோ வரியின்றியோ இறக்குமதி செய்துகொள்ளலாம். ஏற்றுமதிக்கென்று நேரடியாகச் சலுகை தருவது உலக வணிக அமைப்பின் விதிகளோடு மோதும் என்பதால், 2013-இல் வந்த அடுத்த திட்டம், ஏற்றுமதியை விட்டுவிட்டு உள்நாட்டில் செய்யப்படும் உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிட்டுச் சான்றிதழ் வழங்கியது. 2021 ஜூலையில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டம் 2035 வரை ஓடும்.

இந்த ஏற்பாட்டின் விளைவை யோசித்துப் பார். ஒரு நிறுவனம் எல்லா மாடலையும் இங்கே செய்வது முட்டாள்தனமாகிறது. விலையும் எண்ணிக்கையும் கூடிய ஒன்றிரண்டு மாடல்களை இங்கே குவித்துச் செய்துவிட்டு, மற்றவற்றைக் கப்பலில் கொண்டுவருவதே புத்திசாலித்தனமாகிறது. அதனால்தான் ஃபோர்டுக்கு சில்வர்டனில் ரேஞ்சர், பி.எம்.டபிள்யூவுக்கு ராஸ்லினில் எக்ஸ்3, மெர்சிடிஸுக்கு ஈஸ்ட் லண்டனில் சி-கிளாஸ். பிராஸ்பெக்டனிலிருந்து ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் கொரோலா கிராஸும் வெளியே வருகின்றன. ஹைலக்ஸ் ஈட்டித் தரும் சான்றிதழ்தான் ஸ்டார்லெட் போன்ற இறக்குமதிக் கார்களின் வரியைக் குறைக்க வழி செய்கிறது. நீ ஒன்றைப் போற்றி மற்றொன்றைத் தூற்றுகிறாய். அவை இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் உருளும் ஒரு சிறிய காரை, நம் சந்தையின் அளவில் இங்கே செய்து அதே விலைக்கு விற்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. இங்கு இறக்குமதியாகும் கார்களில், எண்ணிக்கையில் இந்தியா முதலிடம் வகிப்பதும் இதனால்தான்.

இப்படிச் சொல்வதால் டொயோட்டாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. இங்கே செய்யப்படும் காரில் உண்மையில் எவ்வளவு பங்கு இங்கே பிறந்தது? தொழில்துறை முழுமைக்குமான சராசரி ஏறத்தாழ 40 சதவீதத்தில் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. 2035-க்குள் அதை 60 சதவீதமாக உயர்த்துவதாகவும், ஆண்டு உற்பத்தியை உலக உற்பத்தியில் 1 சதவீதமாக, அதாவது சுமார் 14 லட்சம் வண்டிகளாக ஆக்குவதாகவும் அரசின் பெருந்திட்டம் சொல்கிறது. உற்பத்தியோ 2023-இல் 6 லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஏற்றுமதி அந்த ஆண்டு ஏறத்தாழ 4 லட்சம். அடுத்த ஆண்டு அதுவும் குறைந்தது.

உதிரிபாகம் ஊரில் வேர்பிடிக்காத ஆலை, முதலாளி நினைத்த அன்று மூடப்படும். 1926 முதல் போர்ட் எலிசபெத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் மூட்டை கட்டியதைப் பார்த்தோம். ஆலையை இசுசு எடுத்துக்கொண்டதால் அந்த ஊர் ஓரளவு தப்பித்தது. நிசானின் என்.பி.200 என்ற சிறிய பக்கி (பின்புறம் திறந்த சரக்கு வண்டி) 2024 மார்ச்சில் நின்றது, அந்த விலையில் அதற்கு மாற்று வரவில்லை. நம் ஊர் விமான நிலையத்தை ஒட்டிய டியூப் டிரேட்போர்ட்டில் 2018 முதல் மஹிந்திரா பிக்-அப் பொருத்தப்படுவதைப் பலர் பெருமையோடு பேசுகிறார்கள். பாதி பொருத்தி வந்த பெட்டிகளைத் திறந்து முழுமையாக்குவது வேலைவாய்ப்புதான், ஆனால் அதை உற்பத்தி என்று அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை.

சலுகையை வெறும் மதிப்பைக் கொண்டு அளந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே பாடம் உண்டு. பழைய திட்டத்தின் காலத்தில் உதிரிபாக ஏற்றுமதியில் முன்னணியில் நின்றது, புகையின் நச்சைக் குறைக்கப் புகைபோக்கியில் வைக்கும் வினையூக்கி மாற்றி. அதைச் செய்யப் பிளாட்டினம் வேண்டும். உலகப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு நம் மண்ணிலிருந்து எடுக்கப்படுவதால் அந்தத் தொழில் இங்கே வந்தது, நல்லதுதான். ஆனால் அதன் மதிப்பில் பெரும்பகுதி உலோகத்தின் விலை, தொழிலாளியின் கைத்திறன் அன்று. சான்றிதழ் மட்டும் மொத்தமாகக் குவிந்தது.

இனி மின்கார். டொயோட்டாவின் தலைவர் அகியோ டொயோடா பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது, எதிரி கார்பன்தான், எஞ்சின் அன்று என்பது. ஒரு நெடுந்தூர மின்காருக்கு வேண்டிய மின்கலக் கனிமங்களைக் கொண்டு வெளியிலிருந்து மின்னேற்றக்கூடிய 6 பிளக்-இன் ஹைபிரிட்டுகளோ 90 சாதாரண ஹைபிரிட்டுகளோ செய்யலாம் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. உனக்கு இது சாக்குப்போக்காகத் தெரிகிறது. நம் நாட்டைப் பொறுத்தவரை எனக்கு அப்படித் தெரியவில்லை. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 2023-இல் நாளுக்குப் பல மணி நேரம் விளக்கு அணைந்து கிடந்ததை நீயும் அனுபவித்தாய். மிட்ராண்டில் உன் வீட்டுக் கூரையில் சூரியத் தகடும் கீழே கராஜும் உண்டு. டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தின் மாநகராட்சி அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர், தெருவில் நிறுத்திய காருக்கு மின்கம்பியை எங்கிருந்து இழுப்பார்? 2024-இல் விற்ற 5 லட்சத்துச் சொச்சம் வண்டிகளில் மின்கலம் மட்டும் கொண்டவை ஆயிரத்து இருநூறுக்குச் சற்று மேல். ஹைபிரிட்டுகளோ அதைப்போல் பத்து மடங்கு. பிராஸ்பெக்டனில் 2021 முதல் செய்யப்படும் கொரோலா கிராஸ் ஹைபிரிட்டிற்கு அந்த எண்ணிக்கையில் நல்ல பங்குண்டு.

டொயோட்டாவின் கணக்கு பிசகும் இடமும் உண்டு, அதில் உன் பக்கம் நிற்கிறேன். நாம் செய்யும் வண்டிகளில் பாதிக்கும் மேல் கடல் கடக்கின்றன, அவற்றில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்கு. 2035-க்குப் பிறகு புகை கக்கும் புதிய கார் விற்கக்கூடாது என்று அங்கே 2023-இல் சட்டம் செய்தார்கள். 2025 டிசம்பரில் அதைத் தளர்த்த ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தாலும், போகும் திசை மாறவில்லை. சாட்ஸ்வர்த்துக்குப் பொருந்தும் கார் நம் ஊருக்குச் சரி, ஆனால் பிராஸ்பெக்டன் தொழிலாளியின் சம்பளம் ஹாம்பர்க்கில் எது விற்கும் என்பதைப் பொறுத்தது. 48 வோல்ட் மின்கலம் ஒன்றை டீசல் எஞ்சினோடு சேர்த்துவிட்டு ஹைலக்ஸ் ஹைபிரிட் ஆகிவிட்டது என்று விளம்பரம் செய்வது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

அரசின் பங்கு இதைவிடச் சோர்வளிக்கிறது. மின்வாகன வெள்ளை அறிக்கை 2023 டிசம்பரில்தான் வந்தது. மின்வாகன, ஹைட்ரஜன் வாகன உற்பத்திக்கான முதலீட்டில் 150 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை 2026 மார்ச்சிலிருந்து. வாங்குபவருக்கு ஒன்றுமில்லை. அதைவிட வேடிக்கை, ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத வரியும் மின்காருக்கு 25 சதவீதமும் வாங்குவது. விலையோடு ஏறும் ஆடம்பர வரி அதன் மேல். இந்தக் கோணலை நேர்செய்ய வேண்டும் என்ற உன் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுவேன். எல்லா வரியையும் எடு என்பதற்குக் கையெழுத்திட மாட்டேன். வரி போனால் சான்றிதழுக்கு மதிப்பில்லை. சான்றிதழுக்கு மதிப்பில்லாவிட்டால் ஹைலக்ஸைத் தாய்லாந்தில் செய்துகொள்ளாமல் இங்கே செய்வதற்கான காரணங்களில் பெரியது ஒன்று போய்விடும். சீன நிறுவனங்கள் விற்கட்டும். ஆனால் மற்றவர்கள் மீதுள்ள அதே நிபந்தனையின்படி, செய்வதற்கேற்ற சலுகை.

2022 ஏப்ரல் வெள்ளம் பிராஸ்பெக்டனை மூழ்கடித்தபோது ஆலை மாதக்கணக்கில் நின்றது, உள்ளே இருந்த ஆயிரக்கணக்கான வண்டிகள் கழிக்கப்பட்டன. இசிபிங்கோவிலும் உம்லாசியிலும் உதிரிபாகப் பட்டறைகளில் எத்தனை பேருக்கு வேலை குறைந்தது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்கு, வரி என்பது விலைச்சீட்டில் இருக்கும் ஓர் எண்ணாக மட்டும் தெரியாது. அதே மாதங்களில் டொயோட்டா விற்பனையாளர்களைக் காப்பாற்றியவற்றில் கப்பலில் வந்த அந்த ஸ்டார்லெட்டும் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொள்.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்நிறுவனத்திற்கோ அமைச்சகத்திற்கோ எழுதும்போது சின்னத்தை விட்டுவிட்டு, கொரோலா கிராஸ் ஹைபிரிட்டின் மின்கலப் பெட்டி, இன்வெர்ட்டர், மின்மோட்டார் ஆகியவற்றில் எதை எந்த ஆண்டுக்குள் இந்நாட்டில் செய்யப் போகிறீர்கள் என்று கேள். ஃபோர்டு தன் டீசல் எஞ்சினைப் போர்ட் எலிசபெத்தின் ஸ்ட்ருவான்டேல் ஆலையில் செய்யும்போது இது ஆகாத காரியம் அன்று. மின்கலப் பெட்டியைப் பொருத்துவதிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. மின்மோட்டாரின் செப்புச் சுருளே எளிது என்று நம் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் சாதிக்கிறார். நீ மின்பொறியியல் படித்தவன். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று காரணத்தோடு எழுது.

அன்புடன்,
உன் மாமா
டர்பன்