ஓடைக்கரை ஆவாரம்பூ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே?

போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் மேசைமேல் ஆவாரம்பூ டீ டப்பா ஒன்று இருந்தது. விலை கேட்டதற்கு 300 ரூபாய் என்றாய். 25 பை, பைக்கு ஒன்றரை கிராம் என்று நீ படித்துக் காட்டியதை வைத்து ராத்திரி கணக்குப் போட்டேன். மொத்தம் 37 கிராம் சொச்சம். கிலோ 8,000 ரூபாய் ஆகிறது! வீட்டு லோன் பிடித்தம் போக மாசக்கடைசியில் கையைப் பிசைகிறோம் என்று நீ சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. அப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்ட நீதானே ஓடைக்கரையில் போய் இதை ஒடித்து வந்தாய்? அதே பூதான். உன் தாத்தா காலத்தில் இந்தச் செடியின் பட்டையை உரித்துக் கட்டுக் கட்டாகத் திண்டுக்கல் தோல் ஷாப்புக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். தோல் பதனிட அது வேண்டும். பூவை யாரும் விலைக்குக் கேட்டதில்லை.

நேற்று விடிந்ததும் கூடையோடு போய்விட்டேன். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்கவேண்டும். ஈரத்தோடு பறித்த பூ கறுத்துப்போகும். ஒரு செடியை மொட்டையடிக்காமல் நாலு கொத்துக்கு ஒரு கொத்து என்று எடுப்பேன். தேனீக்கும் விதைக்கும் மிச்சம் வேண்டாமா? ரோட்டோரச் செடியைத் தொடுவதே இல்லை, புகையும் புழுதியும் அத்தனையும் அதில்தான் படிகிறது. நீ எங்காவது பார்த்தால் மஞ்சள் பூ என்று மட்டும் நம்பிப் பறித்துவிடாதே. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பார். காது மடல் மாதிரி வட்டமாக இரண்டு சின்ன இலை ஒட்டிக்கொண்டிருக்கும். காய் தட்டையாக, காகிதம் மாதிரி இருக்கும். பொன்னரளியும் மஞ்சள்தான், ஆனால் அது விஷம்.

காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வருஷம் அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் போட்டேன். இரண்டு நாளில் வைக்கோல் நிறமாகிவிட்டது. அடுத்த தடவை நிழலில் போட்டு, மேலே சருகாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே பாட்டிலில் அடைத்தேன். பத்து நாளில் திறந்தால் வெள்ளையாகப் பூஞ்சணம். அத்தனையும் குப்பைக்குப் போனது, மனசே ஆறவில்லை. இப்போது கயிற்றுக் கட்டிலில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, பூ ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புகிறேன். கீழேயும் காற்று போகும். ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் பூச்சியெல்லாம் தானாக ஊர்ந்து வெளியே வந்துவிடும். தினம் ஒருமுறை புரட்டிவிட்டால் ஐந்தாறு நாள் ஆகும். இதழ் சீக்கிரம் காய்ந்துவிடும், காம்புதான் ஏமாற்றும். காம்பை ஒடித்தால் வளையாமல் படக்கென்று முறியவேண்டும். அதுவரை பாட்டிலைத் தொடாதே.

ஒரு கிலோ பூ காய்ந்தால் கால் கிலோகூட நிற்காது. 200 கிராம் என்றே வைத்துக்கொள், உன் டப்பா ஐந்துக்கு மேல் வரும். எனக்கு அது ஒரு காலை வேலை.

இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டு, ஒன்றரை டம்ளராக வற்றியதும் வடிகட்டு. துளசி சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடிவை. கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். ஒன்று சொல்லவேண்டும். உன் அப்பா இதைக் குடிக்க ஆரம்பித்ததும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நான் விடவில்லை. டீ டீயாக இருக்கட்டும், மாத்திரை மாத்திரையாக இருக்கட்டும். உனக்கும் நல்ல சேதி ஏதும் உண்டானால் ஆவாரம்பூவை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைக் கேள்.

ஆவாரஞ்செடி உன் பால்கனிக்கு ஒத்துவராது. அங்கே எலுமிச்சைப்புல் வை. பழைய பக்கெட்டில் அடியில் ஓட்டை போட்டு, நல்ல வெயில் விழும் இடத்தில் வைத்தால் போதும். நாலு மாசத்தில் அறுக்கலாம். மண்ணிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழையும். கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக நறுக்கி, முறத்தில் போட்டு நிழலில் வை. வீடே மணக்கும். பக்கத்தில் ஒரு தொட்டியில் துளசி. பூ விட்டதும் நுனியைக் கிள்ளிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் விதை கட்டிச் செடி முற்றிவிடும்.

மாசி பிறந்ததும் அப்பா அங்கே வருகிறார். நம் வீட்டு எலுமிச்சைப்புல்லில் ஒரு தூரைப் பிரித்து ஈரச்சாக்கில் சுற்றித் தருகிறேன், வந்த அன்று சாயங்காலமே நட்டுவிடு. இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஆவாரம்பூவும் வரும். வெளிச்சம் படாத அலமாரியில் வை. காலி பாட்டிலை அப்பாவிடமே கொடுத்துவிடு, அடுத்த பூவுக்கு வேண்டும்.

அன்புடன்,
அம்மா