களஞ்சிய அறையில் கிடக்கும் மொனிற்றர்களுக்காக ஒரு திறந்த மடல்

புலம்பெயர் நாடுகளில் இயங்கும் எங்கள் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கத்தினருக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிறவன். பட்டினத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் சில பாடசாலைகள் கூப்பிடும்போது போய்க் கணினி அறையைப் பார்த்துக் கொடுப்பேன். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பரிசிலிருந்தும் நீங்கள் அனுப்பும் லப்டொப்களில் பலவற்றை நான்தான் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கிறேன். எவ்வளவு கவனமாகச் சுற்றிக் கட்டி அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இது எந்தப் பாடசாலைக்கு, சார்ஜர் எந்தப் பெட்டிக்குள் என்று ஒரு அண்ணையோ அக்காவோ துண்டில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டியிருப்பார்கள். அவ்வளவு அக்கறை உள்ளவர்கள் என்பதால்தான் இதை உங்களிடமே கேட்கிறேன்.

போன மாதம் தீவகத்தில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். ஒரு சங்கம் அனுப்பிய ஏழு லப்டொப் வந்திருந்தன. நல்ல சாமான், மூன்று நாலு வருடம்தான் பாவித்தவை. வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். ஒரு லப்டொப்பைச் சுற்றி மூன்று நாலு பேர். பதினாலு அங்குலத் திரையில் நேரே இருக்கிற பிள்ளைக்கு எழுத்துத் தெரிகிறது. ஓரத்தில் இருக்கிற பிள்ளை கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கிறது. ஆசிரியை விரிதாளில் எந்தக் கட்டத்தைச் சொல்கிறார் என்பதே பின்னால் நின்ற பிள்ளைக்குப் பிடிபடவில்லை.

பாடம் முடிந்ததும் ஆசிரியை பக்கத்துக் களஞ்சிய அறையைத் திறந்து காட்டினார். உடைந்த கதிரைகளுக்குப் பின்னால், தறப்பாளுக்குக் கீழே, பதினொரு மொனிற்றர். எல்லாம் பதினேழு அங்குலத் தட்டை மொனிற்றர்கள். ஒரு காலத்தில் பழைய மாணவர்கள் அனுப்பியவைதான். "இதுகளைப் புது லப்டொப்பிலை கொழுவ ஏலாதாம் சேர். வருசக் கணக்கெடுப்பிலை கழிச்சுவிடப் போகினம்" என்றார்.

என் பையில், இப்படியான பழைய மொனிற்றர்களைக் கொழுவும் விஜிஏ போர்ட் உள்ள பழைய லப்டொப் ஒன்று எப்போதும் இருக்கும். பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கொழுவிப் பார்த்தேன். ஒன்பது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தன.

அந்த ஒன்பது மொனிற்றருக்கும் இந்த ஏழு லப்டொப்புக்கும் இடையில் இல்லாமல் இருப்பது, லப்டொப்பிலிருந்து வரும் படத்தைப் பழைய மொனிற்றருக்கு ஏற்றபடி மாற்றும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கொன்வேர்ட்டர் மட்டும்தான். லப்டொப் அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எதையாவது வாங்கி அனுப்பினால் சரிவராது என்பதால் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஜிஏயை ஐபிஎம் நிறுவனம் 1987 இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. உங்களில் பலர் ஊரில் படித்த காலத்தில் கண்ட அதே நீலச் செருகிதான். மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்து உலோகப் பின்களுக்கு இடம், இரண்டு பக்கமும் திருகாணி. அதில் ஓடுவது அனலொக் சமிக்ஞை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வயர். ஒவ்வொரு வயரிலும் பூச்சியத்துக்கும் 0.7 வோல்ற்றுக்கும் இடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஏறினால் அந்த நிறம் பிரகாசிக்கும், இறங்கினால் மங்கும். ஒரு வரி எங்கே தொடங்குகிறது, ஒரு படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இன்னும் இரண்டு வயர். இப்போதைய லப்டொப்களில் அதன் இடத்தில் இருக்கும் எச்டிஎம்ஐ 2002 கடைசியில் வந்தது. அதில் படம் எண்களாகப் போகிறது, அனலொக் என்பதே கிடையாது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சுங், எல்ஜி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து விஜிஏயைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு மொடலாக அந்தப் போர்ட் மறைந்தது. லெனோவோ திங்க்பேட் டி450 இல் விஜிஏ இருக்கிறது, அடுத்து வந்த டி460 இல் இல்லை. டெல் லற்றிரியூட் 5490 இல்கூட இருந்தது. ஆகவே அலுவலகங்கள் கழித்துவிடும் லப்டொப்களைச் சேர்க்கும்போது பக்கவாட்டை ஒருமுறை பாருங்கள். நீலப் போர்ட் இருந்தால் ஒன்றும் தேவையில்லை, இங்கே இருக்கிற வயரே போதும்.

இனி, மனம் நொந்த ஒரு கதை. இரண்டு வருடங்களுக்கு முன் வடமராட்சியில் ஒரு பாடசாலைக்கு இதே தேவை வந்தது. அதிபர் கேட்டார், வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர்கள் காசு சேர்த்துப் பத்து வயர் வாங்கி அனுப்பினார்கள். ஒரு நுனியில் எச்டிஎம்ஐ, மறு நுனியில் விஜிஏ, நடுவில் வெறும் வயர். பத்தில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. பிள்ளைகள் முன்னால் ஒவ்வொன்றாகக் கொழுவிக் கொழுவிக் கழற்றினேன். மொனிற்றரில் "நோ சிக்னல்" என்ற எழுத்து மட்டும் வந்தது. அனுப்பியவர்கள் பிழை செய்யவில்லை. அப்படி ஒரு வயரைப் படத்தோடு விற்கிறார்களே, வாங்குகிறவர் நம்பத்தானே செய்வார்? ஆனால் எண்களை மின்னழுத்தமாக மாற்ற ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரம் வேண்டும். வெறும் செப்புக் கம்பி அதைச் செய்யாது. சிப் உள்ள கொன்வேர்ட்டரில் எச்டிஎம்ஐ முனை கொஞ்சம் தடிப்பாக இருக்கும், அல்லது நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வாங்கும்போது "அக்டிவ்" கொன்வேர்ட்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

திசையையும் பாருங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு என்று இருக்க வேண்டும். பழைய கணினியைப் புது ரிவியில் போடுவதற்காக விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் கடையில் பக்கத்திலேயே தொங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

கொன்வேர்ட்டரில் இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் மிக நல்லது. ஒன்று ஒலிக்கான 3.5 மில்லிமீற்றர் துளை. விஜிஏ சத்தத்தைக் கொண்டுபோகாது. எச்டிஎம்ஐயைக் கொழுவியதும் லப்டொப் சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு ஊமையாகிவிடுவதும் உண்டு. ஆங்கிலக் கேட்டல் பயிற்சி நடத்தும் ஆசிரியருக்கு இது பெரிய தலையிடி. அந்தத் துளையில் ஸ்பீக்கரைக் கொழுவினால் சரி. மற்றது மைக்ரோ யூஎஸ்பி மின் துளை. கொன்வேர்ட்டர் தனக்கு வேண்டிய 5 வோல்ற்றை லப்டொப்பின் எச்டிஎம்ஐயிலிருந்தே எடுக்கும். சில லப்டொப்கள் அதில் மிகக் குறைந்த மின்னோட்டத்தைத்தான் கொடுக்கும், அப்போது படம் வந்து வந்து போகும். யூஎஸ்பியிலிருந்து தனியாக மின் கொடுத்தால் நின்று வேலை செய்யும்.

யூஎஸ்பி ரைப்-சி போர்ட் மட்டும் உள்ள மெல்லிய லப்டொப்களும் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றுக்கு ரைப்-சியிலிருந்து விஜிஏக்கு மாற்றுவது வேறாக வேண்டும். ஆனால் எல்லா ரைப்-சி போர்ட்டும் படம் கொடுக்காது. சில வெறும் சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டும்தான். பக்கத்தில், படத்தை அனுப்பும் வழிகளான டிஸ்பிளேபோர்ட்டின் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் அடையாளமோ இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் அனுப்பும் முன் அங்கேயே ஒரு திரையில் கொழுவிப் பாருங்கள். உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. இங்கே வந்த பிறகு தெரிந்தால் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு வரை போய்த் திரும்புவதாக முடியும்.

இன்னொன்று. தீவகத்தில் அந்தப் பதினொரு மொனிற்றரையும் திருப்பிப் பார்த்தபோது, வேலை செய்த ஒன்பதில் இரண்டின் முதுகில் நீலப் போர்ட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை நிற டிவிஐ போர்ட்டும் இருந்தது. அப்படியானவைக்குக் கொன்வேர்ட்டரே வேண்டாம். எச்டிஎம்ஐயும் டிவிஐயும் ஒரே மாதிரியான டிஜிட்டல் சமிக்ஞையைத்தான் பாவிக்கின்றன. எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்குப் போகும் சாதாரண வயர் போதும். படமும் விஜிஏயை விடக் கூர்மையாக இருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் அதிபரிடம் மொனிற்றரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லப்டொப்பின் இரண்டு பக்கத்தையும் நீங்கள் எடுத்து அனுப்புங்கள். அந்த இரண்டு படமும் இருந்தால் பிழை நடக்காது.

மொனிற்றர் பழுது என்று ஒதுக்கப்படுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையை நம்பித்தான் நீங்கள் புதிது வாங்கிக் கொடுக்கிறீர்கள். கடற்கரைப் பாடசாலைகளில் உப்புக்காற்றுக்குச் செருகிகளில் கறள் பிடிக்கும். இழுத்துக் கொழுவும்போது பின் வளையும். நீல நிறத்தைக் கொண்டுபோகும் வயர் தொடுப்பறுந்தால் வெள்ளை எல்லாம் மஞ்சளாகத் தெரியும். பச்சை அறுந்தால் ஊதா கலந்த சிவப்பு, சிவப்பு அறுந்தால் நீலப்பச்சை. ஒரு பாடசாலையில் இரண்டு வருடமாக "மஞ்சள் காமாலை வந்த மொனிற்றர்" என்று மூலையில் வைத்திருந்தார்கள். வளைந்திருந்த பின்னை ஊசியால் நிமிர்த்தினேன், திரை வெள்ளையாகியது. ஒன்பதாவது பின் இல்லாத வயர்களைக் கண்டால் உடைந்ததென்று எறியவேண்டாம். பல வயர்கள் அப்படித்தான் செய்யப்பட்டு வருகின்றன.

"அவுட் ஒஃப் ரேஞ்ச்" என்று எழுத்து வந்தால் லப்டொப் தன் 1920க்கு 1080 அளவை அப்படியே அனுப்புகிறது என்று பொருள். இந்தப் பதினேழு அங்குல மொனிற்றர்களுக்கு அளவு 1280க்கு 1024, பதினைந்து அங்குலத்துக்கு 1024க்கு 768. அதை அமைப்பில் மாற்றிவிட்டு, மொனிற்றரில் உள்ள "ஓட்டோ" பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எழுத்துத் தெளியும். விண்டோஸ் பொத்தானோடு "பி" அழுத்தினால் இரண்டு திரையிலும் ஒரே படமா, வேறு வேறா, வெளித்திரை மட்டுமா என்று தெரிவு செய்யலாம். பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டினால் போதும். அடுத்த தடவை ஆசிரியருக்கு அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள்.

அந்த "வெளித்திரை மட்டும்" என்ற தெரிவில்தான் எனக்குப் பெரிய நம்பிக்கை. நீங்கள் அனுப்பும் லப்டொப்களில் சில வழியில் திரை வெடித்து வருகின்றன. பிணைச்சல் உடைந்தவை, திரையில் கோடு விழுந்தவை என்று நீங்களே ஒதுக்கி வைத்தவையும் இருக்கும். உள்ளே மதர்போர்ட் நல்லாயிருந்தால் அவற்றை எறியாதீர்கள். திரையை மாற்றும் செலவே வேண்டாம். பழைய மொனிற்றர், பழைய கீபோர்ட், கொன்வேர்ட்டர் மூன்றையும் சேர்த்தால் மேசைக் கணினி ஒன்று கிடைத்துவிடும். மின் போனால் லப்டொப்பின் பற்றரியில் வேலை அழியாமல் நிற்கும், இது வழமையான மேசைக் கணினியில் இல்லாத வசதி. 2022 இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு நடந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த வருடம் டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 350க்கு மேல் ஏறிய பிறகு, புது மொனிற்றர் வாங்குவதை இங்கே பல பாடசாலைகள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

தட்டை மொனிற்றர்களுக்காக மட்டும்தான் பேசுகிறேன். பழைய குழாய் மொனிற்றர்களைத் திரும்பப் பாவிக்கும்படி சொல்லவில்லை. அவை மின்சாரத்தை அதிகம் குடிக்கும், உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ற் இருக்கும், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அவற்றைப் பிள்ளைகள் உடைக்காமல் பார்க்க வேண்டும். ஆனால் தட்டை மொனிற்றரையும் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. எல்ஈடி வருவதற்கு முந்திய மொனிற்றர்களின் ஒளிக்குழாயில் பாதரசம் இருக்கிறது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை, நாங்கள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். நிலத்தில் விட்டது கிணற்றில் வரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களில் பௌசரில் தண்ணீர் வரும்வரை வாளியோடு காத்திருந்தவர்கள் உங்கள் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள். வேலை செய்கிற ஒன்பது மொனிற்றரை நல்லபடியாகப் பாவித்தால் அந்தக் கவலை இன்னும் பல வருடம் தள்ளிப்போகும்.

கொன்வேர்ட்டர் பட்டினத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. அங்கிருந்து அனுப்புவதை விட இங்கே வாங்க விரும்பினால் அதற்குரிய காசை மட்டும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பாடசாலையின் மொனிற்றர் ஒன்றையும் லப்டொப் ஒன்றையும் கடைக்கே கொண்டுபோய்க் கொழுவிப் பார்த்து வாங்கலாம். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். ஆனால் லப்டொப் வாங்கும் காசுக் கணக்கிலேயே இதையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது யாருடைய கணக்கிலும் வராது. அத்தோடு, மொனிற்றர்களைக் கழிக்கும் பட்டியலில் போட முன் ஒருமுறை கொழுவிப் பார்க்கும்படி உங்கள் அதிபருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அந்தத் தீவகப் பாடசாலைக்கு வேண்டியது இவ்வளவுதான்: எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மூன்று கொன்வேர்ட்டர், ரைப்-சியிலிருந்து விஜிஏக்கு இரண்டு, எச்டிஎம்ஐயிலிருந்து டிவிஐக்கு இரண்டு வயர். ரைப்-சி இரண்டிலும் டிஸ்பிளேபோர்ட் சின்னம் இருப்பதைப் பார்த்துவிட்டேன். ஒன்பது மொனிற்றரையும் துடைத்து, செருகிகளின் கறளைச் சுத்தப்படுத்தி, தறப்பாளுக்குக் கீழிருந்து எடுத்துக் கணினி அறை மேசைகளில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வருடக் கணக்கெடுப்பு வரை அவற்றை அங்கேயே வைத்திருப்பதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதற்கு முன் உங்கள் பெட்டி வரவேண்டும்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து கணினி திருத்தும் ஒருவன்